தீ போன வீட்டில் ஒரு மடக்கு நாற்காலி

எங்கள் நாலாம் நம்பர் தீயணைப்பு நிலையத்துக்கு வந்தால், வண்டிகள் நிற்கும் கூடத்துச் சுவரில் ஒரு மடக்கு நாற்காலி ஆணியில் தொங்குவதைப் பார்க்கலாம். கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகிற மலிவு நாற்காலி. பச்சையும் வெள்ளையுமாக நாடா பின்னியது. ஒரு பக்கக் கைப்பிடி உருகிச் சுருண்டு போயிருக்கும். பக்கத்திலேயே மேயர் கையால் வாங்கிய கேடயம் ஒன்றும் இருக்கிறது. அதை யாரும் துடைப்பதில்லை. நாற்காலியைத்தான் துடைக்கிறோம்.

அது டியோலிண்டா ரபோசோவின் நாற்காலி. எங்களுக்கு லிண்டா. தீ எப்படிப் பிடித்தது, யார் வைத்தார்கள் என்று கண்டுபிடிக்கிற லெப்டினன்டாக எங்கள் ஊரில் பல வருஷம் இருந்தவள். ஓய்வு பெற்ற நாளில் நாற்காலியைக் காரில் ஏற்றப் பார்த்தாள். நாங்கள் விடவில்லை, பிடுங்கி வைத்துக்கொண்டோம்.

நான் ரெனி லவோய். தண்ணீர்க் குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு முதலில் உள்ளே போகிறவன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். லிண்டாவும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அதனால் அவளைப் பற்றி வேறு யாராவது கதை சொன்னால் எனக்குப் பொறுக்காது. நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் பிறந்தது ஹோப் தெருவில். அப்பா அம்மா இருவரும் கடலுக்கு அப்பாலுள்ள அசோர்ஸ் தீவுகளிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். லிண்டா திரைச்சீலை ஆலையில் தையல் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஆலையில் ஆள்குறைப்பு செய்தபோது மற்ற பெண்கள் வேறு ஆலை தேடிப் போனார்கள். இவள் தீயணைப்புப் படைப் பரீட்சை எழுதினாள். எங்கள் நிலையத்துக்கு வந்த முதல் பெண் அவள்தான். வந்த அன்றே எங்கள் நிலையத்துப் பெரிய மனிதர் ஒருவர் ஆரம்பித்தார்.

"ஏம்மா, இது தையல் ஊசி இல்ல. இந்தக் குழாய் என்ன கனம் தெரியுமா?"

"தூக்கிப் பாத்தேன் சார். கனம்தான்," என்றாள் லிண்டா. "ஆனா உங்க வாய் அளவுக்கு இல்ல."

அன்றைக்கு சாப்பாட்டு மேஜையில் எழுந்த சிரிப்பில் அவள் எங்கள் ஆளாகிவிட்டாள்.

விசாரணை லெப்டினன்ட் வேலை காலியானபோது யாரும் கேட்கவில்லை. தீ அணைந்ததும் நாங்கள் முகம் கழுவி சூப் குடிக்கப் போவோம். விசாரிக்கிறவர்கள் அப்போதுதான் மண்வாரியோடு கரிக்குள் இறங்க வேண்டும். லிண்டா கேட்டு வாங்கினாள். பேட்ஜும் விலங்கும் கொடுத்து, கைது செய்கிற அதிகாரத்துக்குச் சத்தியப் பிரமாணமும் வாங்கினார்கள். அன்றைக்கு அவள் அம்மா திருமணத்துக்குப் போகிற உடையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் பெரிய வழக்கே அவளை உதைத்துத் தள்ளியது. ஒரு மேஜை நாற்காலிக் கடை எரிந்தது. நனைந்த உடையில் நடுங்கிக்கொண்டிருந்தவளை, போய் உடை மாற்றிக்கொண்டு வா என்று எல்லோரும்தான் அனுப்பினோம். வண்டிகளும் கிளம்பிவிட்டன. மறுநாள் மதியம் திரும்பிப் போய்க் கடைக்காரன் வைத்த பெட்ரோல் டப்பாக்களைத் தோண்டி எடுத்தாள். நீதிமன்றத்தில் டப்பாக்களை ஏற்றுக்கொள்ளவில்லை. வீடு எரியும்போது நாங்கள் கதவை உடைத்து நுழையலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அணைத்த பிறகும், ஏன் எரிந்தது என்று பார்க்க அங்கேயே இருக்கலாம். எல்லாம் முடிந்ததென்று கிளம்பிவிட்டோமானால் அது மறுபடி அவனுடைய இடம். திரும்ப நுழைய அவன் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் நீதிபதி கையெழுத்துப் போட்ட வாரண்ட் வேண்டும். லிண்டாவிடம் இரண்டும் இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது.

விடுதலையான கடைக்காரன் வெளியே வரும்போது அவளுக்காக நீதிமன்றக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "முதல்ல நீங்க போங்க, ஆபிஸர்," என்றான். அவன் பல்லைத் தட்டியிருப்பேன். லிண்டா நன்றி சொல்லிவிட்டு நடந்தாள். அன்று சாயங்காலம் கடைக்குப் போய் இந்த நாற்காலியை வாங்கிக் காரின் பின்னால் போட்டாள். அதிலிருந்து, தன் வேலை முடியாமல் எந்தக் கரிவீட்டையும் விட்டு அவள் கிளம்பியதில்லை. நாற்காலி லிண்டா என்று பெயர் வைத்தோம். அவளுக்கு அது பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் மலசாடா நாள். நோன்பு தொடங்குவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற முட்டை, வெண்ணெய் எல்லாவற்றையும் போட்டு மாவு பிசைந்து, கையால் இழுத்து எண்ணெயில் பொரித்துச் சர்க்கரையில் புரட்டுவார்கள். அன்று ஹோப் தெருவில் நடந்தாலே சட்டை எண்ணெய் மணக்கும். அன்று எங்கள் நிலையத்திலும் யாரும் விடுப்பு எடுப்பதில்லை. வீட்டுக்கு வீடு அடுப்பில் எண்ணெய் கொதிக்கிற நாள்.

அப்படிப்பட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, பனி உறைந்து கிடந்த காலையில், ஹோப் தெருவில் ஒரு மூன்றடுக்கு மரவீடு எரிந்தது. சொந்தக்காரர் பிரென்டிஸ் என்பவர். ஊருக்கு வெளியே மேட்டில் குடியிருந்தார், வாடகைக்கும் திட்டுவதற்கும்தான் தெருவுக்குள் வருவார். கீழ்த்தளத்தில் ஜெசுவினா குடும்பம். எதிர்ப்பக்கத்து மளிகைக்கடை அவளுடையது. நடுத்தளத்தில் இருந்தவர்களைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே பிரென்டிஸ் காலி செய்ய வைத்திருந்தார். மேல்தளத்தில் எர்மீனியா பஷேக்கு என்ற பெண் தனியாக இருந்தாள். திரைச்சீலை ஆலையில் மாலை ஷிப்ட். லிண்டா தைத்த காலத்தில் எர்மீனியா அவளுக்குப் பக்கத்து மெஷின்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. எர்மீனியா விடியற்காலையில் மாவு பிசைந்து வைத்துவிட்டு, எலுமிச்சம்பழம் வாங்க ஜெசுவினா கடைக்கு வந்து பேசிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர்கள் பேச்சுக்கு நடுவில்தான் ஜன்னல் வெடித்தது. நாங்கள் போய் மல்லுக்கட்டி அணைத்தோம். கூரை போனது. மூன்று தளமும் குடியிருக்க உதவாமல் போனது. பக்கத்து வீடுகளின் சுவர் கருகியது.

நான் குழாயை வளைத்துக்கொண்டு வெளியே வந்தபோது தெருவே எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றது. எர்மீனியா மட்டும் கடைப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி நான்கு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும், தெரு அவள்மேல் பழி போட்டுவிட்டது என்று புரிந்துவிட்டது.

பிரென்டிஸ் வந்து இறங்கியதும் முதல் வேலையாக அந்தப் பழியைத்தான் உரக்கச் சொன்னார். "மலசாடா செவ்வாய்! வருஷா வருஷம் நான் சொல்லிட்டுத்தானே இருக்கேன், எண்ணெய அடுப்புல வச்சிட்டு ஊர்வம்பு பேசப் போகாதீங்கன்னு. மேல்வீட்டுக்காரி வச்சிட்டுப் போயிட்டா. வீடு போச்சு பாத்தீங்களா!"

ஜெசுவினாவால் தாங்க முடியவில்லை. எரிந்துபோன அவள் வீட்டில் மகளின் கல்யாணத் துணிமணிகள் இருந்தன. "என் வீட்டையே எரிச்சுட்டியே, எர்மீனியா," என்று கத்தினாள். எர்மீனியாவின் மகனுக்கு ஜெசுவினாதான் ஞானத்தாய். அப்படி உறவானவர்கள் எங்கள் தெருவில் ஒருவரையொருவர் கொமாத்ரி என்றுதான் அழைப்பார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள். பத்துத் தீயை நான் தாங்குவேன். அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்க முடியவில்லை.

லிண்டா எர்மீனியாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"என்ன ஞாபகம் இருக்கு உங்களுக்கு?"

"சட்டியில எண்ணெய ஊத்தி அடுப்புல வச்சேன், பொண்ணே. அப்புறம் வந்து ஊத்த வேணாமேன்னு. அது நல்லா ஞாபகம் இருக்கு." அவள் தன் கையையே பார்த்தாள். "பத்த வச்சேனா... தெரியல. கை தன்னால திருகியிருக்கும். எத்தனை வருஷப் பழக்கம். நான்தான் எரிச்சேன் போல."

இதுதான் என் நெஞ்சில் குத்தியது. ஊர் வாயை விடுங்கள், அதை மூட உலைமூடி கிடையாது. அவளே தன்னை நம்பவில்லை.

லிண்டா எழுந்து காரிலிருந்து நாற்காலியை எடுத்தாள்.

அப்போது எங்கள் சீஃப் வந்தார். இன்னொரு தெருவில் யார் வீட்டுச் சமையலறையோ புகைகிறதாம். வண்டி வேண்டும், குழாயைச் சுருட்டுங்கள் என்றார். எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று லிண்டாவுக்குத் தெரியும்.

"நடுத்தளத்துச் சுவருக்குள்ள இன்னும் புகையுது, சீஃப். தண்ணி வர்ற குழாய் ஒண்ணும் ஆள் ஒருத்தரும் விட்டுட்டுப் போங்க."

"யாரு வேணும்?"

"லவோய். வாய் ஓயாது. ஆனா எழுந்து போக மாட்டான்."

இதைப் பாராட்டாகத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன்.

வண்டி போனதுதான் தாமதம், பிரென்டிஸ் நாலு ஆட்களையும் ஒரு லாரியையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். தளத்தை உடைத்துக் கரியை அள்ளி லாரியில் கொட்டத் தயாராக வந்திருந்தார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இந்த மனுஷன் எரிந்த வீட்டையே பிடுங்கிப் போடப் பார்த்தார்.

"இடிஞ்சு விழுந்தா என் தலையிலதான் விழும். நான் சுத்தம் பண்ணப்போறேன். தீ அணைஞ்சாச்சுல்ல? கிளம்புங்க. இது என் வீடு."

"உங்க வீடுதான் சார். யாரு இல்லேன்னாங்க?" லிண்டா வாசற்படியில் நாற்காலியை விரித்தாள். "ஆனா தீ எப்படி வந்ததுன்னு நாங்க பாத்து முடிக்கிற வரைக்கும், உள்ள யாரு போகலாம்னு நான்தான் சொல்லணும். சட்டம் அப்படி. நீங்களும் போக முடியாது, உங்க லாரியும் போக முடியாது."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாற்காலி கொண்டு வந்திருக்கேன்."

நாங்கள் தோண்ட ஆரம்பித்தோம். வாசலில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தியிருந்தாள். அவள் வழக்கம், அதிகம் எரியாத இடத்தில் ஆரம்பித்து அதிகம் எரிந்த இடத்தை நோக்கிப் போவது. நான் கையில் குழாயோடு சுவரில் புகை வருகிற இடத்தையெல்லாம் பிளந்து நனைத்தேன். புகை உண்மையிலேயே இருந்தது. சும்மா நாடகத்துக்குக் குழாய் பிடிக்க அவள் என்னை விட்டிருக்க மாட்டாள்.

மேல்தளத்துச் சமையலறையில் கூரைப்பலகைகள் இடுப்பளவுக்குக் குவிந்திருந்தன. அதை அள்ளிப் போட்டபோது, ஹீட்டர் பக்கத்தில் தரையில் ஒரு மூட்டை மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. கருகிய கம்பளிப் போர்வை. நான் குனிந்து அதை இழுக்கப் போனேன்.

"தொடாதே!"

லிண்டா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டேன்.

"உன் வீட்டுக்காரி மாவு பிசைஞ்சு நீ பாத்ததே இல்லையா?"

"சாப்பிடத்தான் கூப்பிடுவா," என்றேன்.

அவள் முழங்காலிட்டாள். நாலு பக்கமும் படம் எடுத்தாள். பிறகு போர்வையின் மடிப்பை ஒரு விரல் அளவுக்கு மட்டும் தூக்கினாள். உள்ளே பெரிய எனாமல் கிண்ணம். கிண்ணம் நிறைய மாவு. மேலே ஏடு கட்டிப் பழுப்பாகியிருந்தது, அந்த ஏட்டில் கையால் கீறிய சிலுவை அப்படியே இருந்தது. பிசைந்து முடித்ததும் எங்கள் தெருப் பெண்கள் மாவின் மேல் சிலுவை கீறி, கடவுள் உன்னைப் பெருகப் பண்ணட்டும் என்று சொல்லி, கைக்குழந்தையைப் போலப் போர்த்தி வைப்பார்கள். பொங்கி வர அரை நாள் ஆகும். அதற்கு முன்னால் போர்வையை விலக்கினால் குளிர் பட்டு மாவு கெட்டுவிடும். இதெல்லாம் பிற்பாடு என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

லிண்டா கிண்ணத்தை நகர்த்தினாள். கிண்ணம் இருந்த இடத்தில் தரைப்பலகை வட்டமாக, கரி படாமல், மெழுகின பளபளப்போடு இருந்தது. ரம்பத்தால் அந்தப் பலகையை அறுத்து எடுத்துத் திருப்பினாள். அடிப்பக்கம் ஆழமாகக் கரிந்திருந்தது.

"மேல ஒண்ணும் ஆகல. கீழதான் எரிஞ்சிருக்கு," என்றேன். "தீ இந்த வீட்லேர்ந்து போகல. இந்த வீட்டுக்கு வந்திருக்கு."

"இப்பதான் உனக்கு வேலை தெரியுது," என்றாள்.

நடுத்தளத்தில், ஆளில்லாத அறையில், தண்ணீர் கொட்டித் தேங்கினது போலத் தரை திட்டுத்திட்டாக எரிந்திருந்தது. அடுப்பே இல்லாத அறை; யாரோ எரிபொருளை ஊற்றாமல் தரை அப்படி எரியாது. அங்கிருந்து துண்டுகளை வெட்டித் தகர டப்பாவில் போட்டு மூடி முத்திரை வைத்தாள். அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். எரிவாயுக் குழாயை அடைத்துவிட்டு வர என்னை நிலவறைக்கு அனுப்பினாள்.

அங்கே ஒரு கதவு இருந்தது. தீ எட்டிக்கூடப் பார்க்காத மூலை. புத்தம் புதுப் பூட்டு. கதவின் அடியிலிருந்து பெட்ரோல் நாற்றம் குப்பென்று வந்தது. நான் லிண்டாவைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் கோடாலியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"ஒரே போடு, லெப்டினன்ட். சொல்லு."

"கீழ வை."

"மூக்கு இருக்குல்ல உனக்கு? உள்ளதான் இருக்கு, எல்லாம் உள்ளதான் இருக்கு!"

"மூக்கு போதும். மூக்கு நீதிபதிகிட்ட போகட்டும், கோடாலி வேணாம்." அவள் குரல் அமைதியாக இருந்தது. "தீ எங்க ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிக்க வந்தோம். கண்டுபிடிச்சாச்சு. அந்தத் தீ இந்தக் கதவுக்குள்ள போகவே இல்ல. தீ போகாத இடத்துக்கு நமக்கும் வழி இல்ல, ரெனி. இத உடைச்சா, உள்ள இருக்கறது மட்டுமா போகும்? மேல எடுத்ததையும் சேத்து இழுத்து விடுவாங்க. அப்புறம் எர்மீனியா கடைசிவரைக்கும் அந்தப் படியிலேயே உக்காந்திருக்க வேண்டியதுதான்."

கோடாலியைக் கீழே வைத்தேன். சும்மா வைக்கவில்லை, எறிந்தேன். சுவரில் இன்னமும் அந்த வடு இருக்கும்.

போலீஸ்காரரை வரவழைத்து, தான் பார்த்ததையும், கதவடியில் வரும் நாற்றத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, அவரும் முகர்ந்து பார்த்த பிறகு வாரண்ட் வாங்க நீதிமன்றத்துக்கு அனுப்பினாள். வாசலுக்கு இன்னொரு போலீஸ்காரர் வந்தார். நாற்காலியை நிலவறைக்குக் கொண்டுவந்து, அந்தப் பூட்டுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். குளிர் எலும்பைத் தின்றது. மேலிருந்து கரித்தண்ணீர் சொட்டியது. எங்கிருந்தோ ஒரு கொள்ளித்துண்டு விழுந்து கைப்பிடியை உருக்கியது அப்போதுதான்.

பிரென்டிஸ் பக்கவாட்டுப் படி வழியாக இறங்கி வந்தார். வாசல் காவலை ஏமாற்றிவிட்டார். கையில் சாவி.

"என் கருவிப்பெட்டி உள்ள இருக்கு. அத எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

"சாவி உங்களோடது சார். பத்திரமா பைக்குள்ள வைங்க."

"நீ யாரு என்னைத் தடுக்க? எரிஞ்சது மேல. இது என் சொந்த அறை!"

"சரியாச் சொன்னீங்க. உங்க சொந்த அறை. அதான் நானும் உள்ள போகாம உக்காந்திருக்கேன்." அவள் எழுந்திருக்கவில்லை. "ஆனா தீயணைக்கிற இடத்துல எங்க வேலைய மறிச்சா கைது பண்ற அதிகாரம் எனக்கு இருக்கு. விலங்கு கார்ல இருக்கு. லவோய் எடுத்துட்டு வருவான். காலைலேர்ந்து அவனுக்கு ஏதாவது செய்யணும்னு ரொம்ப ஆசை."

நான் சிரித்தேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. வந்த வழியே ஏறிப்போய்த் தெருவில் நின்று மலசாடாக்காரிகளைப் பற்றி இன்னும் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்வது எளிது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே பொறுத்துப் பாருங்கள்.

வெயில் சாயும் நேரத்துக்கு வாரண்ட் வந்தது. லிண்டா அதைப் பிரென்டிஸிடம் காட்டிப் படிக்கவிட்டு, அவர் சாவியாலேயே திறக்கச் சொன்னாள். உள்ளே இரண்டு காலி பெட்ரோல் டப்பாக்கள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் அந்த வீட்டு மாடிப்படிகளில் மாட்டியிருந்த புகை அலாரங்கள், பேட்டரி கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

அலாரங்களைக் கழற்றிவிட்டுத் தீ வைத்திருக்கிறான். மேலே ஒருத்தி மாவு பிசைந்துகொண்டிருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம் என்பது பற்றி அவனுக்குக் கவலை இல்லை. போலீஸ்காரர் பிரென்டிஸைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு ஏறியபோது நானும் பின்னாலேயே பாய்ந்தேன். லிண்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது.

"வெளிய ஒரு வார்த்தை விடக்கூடாது. ஆய்வுக்கூடத்துலேர்ந்து பதில் வரணும், வழக்கு எழுதணும். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்ல எனக்கும் உரிமை இல்ல, உனக்கும் இல்ல."

"எர்மீனியாகிட்ட கூடவா?"

"அவங்ககிட்ட கூடத்தான்."

"அப்போ அவ இன்னிக்கு ராத்திரி என்ன நினைச்சுக்கிட்டுத் தூங்குவா?"

லிண்டா மேலே ஏறினாள், நானும் ஏறினேன். சாட்சிப் பொருள்கள் எல்லாம் பையிலும் டப்பாவிலும் போய்விட்டன. அந்தப் பெரிய கிண்ணம் எதற்குள்ளும் அடங்கவில்லை. போர்வையோடு அப்படியே இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நாற்காலில உக்காரு," என்றாள். "நான் திரும்பி வர்ற வரைக்கும் வீடு உன் கையில."

நான் நாற்காலியைக் கண்ணாடியில்லாத முன்ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவள் தெருவைக் கடந்து போவதைப் பார்த்தேன். கூட்டம் விலகியது. கடைப்படியில் எர்மீனியா காலையில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். லிண்டா அவள் முன்னால் நின்றாள். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவள், அன்றைக்குத் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"எர்மீனியா பஷேக்கு, நான் லெப்டினன்ட் ரபோசோ. இந்தத் தீயப் பத்தி விசாரிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. கேக்கறதுக்கு உண்மையச் சொல்லணும். இந்தக் கிண்ணம் உங்களோடதா?"

எர்மீனியா நிமிர்ந்து பார்த்தாள். "என்னோடதுதான். என் கல்யாணத்துக்கு வந்தது."

"எப்படி விட்டுட்டுப் போனீங்க?"

"பிசைஞ்சு, சிலுவை கீறி, கடவுள் உன்னைப் பெருகப் பண்ணட்டும்னு சொல்லி, போத்தி வச்சேன்."

"இந்த மாதிரியா?" லிண்டா குனிந்து மடிப்பை விலக்கிக் காட்டினாள்.

தெருவில் இருந்த பெண்கள் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். பழுப்பு ஏட்டில் சிலுவை இருந்தது.

"ஆமா. இதே மாதிரிதான்."

"நடுவுல போர்வைய விலக்கினீங்களா?"

"விலக்குவேனா? அது இன்னும் பொங்கவே இல்லையே!" மாவு பிசையத் தெரியாத ஆளா நீ என்கிற கோபம் அந்தக் குரலில் வந்தது. காலையிலிருந்து அவள் குரலில் வந்த முதல் உயிர் அது.

"அப்போ இத மட்டும் சொல்லுங்க. நீங்க எண்ணெய்க்கு அடுப்பு எப்போ பத்த வைப்பீங்க?"

"மாவு பொங்கின பிறகு. போர்வைய எடுத்துட்டுத்தான்..."

எர்மீனியா பாதியில் நின்றாள். வாய் திறந்தபடி இருந்தது. போர்வையையும் கிண்ணத்தையும் லிண்டாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவ்வளவுதான் என் கேள்வி," என்றாள் லிண்டா. அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

பிரென்டிஸ் மட்டும், "என்ன, மாவக் காட்டறாங்க, இதுல என்ன இருக்கு?" என்று யாரையோ கேட்டார். அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணின் வீட்டிலும், தீப்பிடித்த நேரத்தில் ஒரு கிண்ணம் போர்வைக்குள்தான் இருந்தது. பழி போட மலசாடா நாளைத் தேர்ந்தெடுத்துக் காலையிலேயே வீட்டைப் பற்ற வைத்தவனுக்கு, காலையில் யாரும் பொரிக்க மாட்டார்கள் என்பது தெரியவில்லை.

ஜெசுவினா கடைக்குள் போனாள். திரும்பி வந்து, தன் கோட்டை எர்மீனியாவின் தோளில் போட்டாள். "உள்ள வா, கொமாத்ரி," என்றாள். "குளிருது." இருவரும் அழுதார்கள். மேலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனும் அழுதான். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஒரு வார்த்தைகூடச் சட்டம் மீறாமல், ஒரு பெண்ணை அவள் பழியிலிருந்து எங்கள் லிண்டா எழுப்பிக் கூட்டிப் போனாள். அப்படி ஒருத்தியோடு வேலை பார்த்தவன் நான்.

வசந்தத்தில் அவளே மேட்டு வீட்டுக்குப் போய்ப் பிரென்டிஸுக்கு விலங்கு மாட்டினாள். நீதிமன்றத்தில் அவருடைய வக்கீல் சுற்றி வளைத்துக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: தீ அணைந்து வண்டி போன பிறகு, எந்த நேரத்தில் நீங்கள் அந்த வீட்டுக்குள் திரும்ப நுழைந்தீர்கள்? "நான் திரும்ப நுழையவில்லை," என்றாள் லிண்டா. "வேலை முடியும்வரை அந்த வீட்டை நாங்கள் விடவே இல்லை." பலகையும் டப்பாக்களும் வாளியும் கிண்ணமும் எல்லாம் சாட்சியாக நின்றன. இன்சூரன்ஸ் பணத்துக்காகத் தன் வீட்டைத் தானே எரித்த பிரென்டிஸ் சிறைக்குப் போனார். போகும்போது, அந்த மேஜை நாற்காலிக் கடைக்காரனைப் போலக் கதவைத் திறந்து பிடிக்க, விலங்கு மாட்டிய அவர் கை காலியாக இல்லை.

எர்மீனியாவுக்கு ஜெசுவினா கடைக்கு மேலேயே இரண்டு அறை கிடைத்தது. ஆனால் அந்த வருஷம் முழுக்க அவள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை என்று என் மனைவி சொன்னாள். ஜெசுவினா வீட்டில் சாப்பிட்டாள், இல்லாவிட்டால் ரொட்டி. மனதுக்குத் தெரிந்துவிட்டது, கைக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

அடுத்த மலசாடா செவ்வாய் மதியம், வழக்கு முடிந்து நீதிமன்றம் திருப்பிக் கொடுத்த எனாமல் கிண்ணத்தைக் கொடுக்க லிண்டா கிளம்பினாள். நானும் கூடப் போனேன். கதவு திறந்திருந்தது. லிண்டா வாசல்நிலைக்கு வெளியே நின்றுகொண்டு தட்டினாள். எர்மீனியா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். கை முழுக்க மாவு.

"ஏன் அங்கயே நிக்கற?"

"நீங்க கூப்பிடணும்," என்றாள் லிண்டா. "தீப்பிடிக்காத வீட்டுக்குள்ள வர எனக்கு அதிகாரம் இல்ல."

"உள்ள வாடி, பைத்தியக்காரி," என்றாள் எர்மீனியா. "எண்ணெய் காயுது."